இடது பக்கத்து அறை

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழனிப்பானையில் விழுந்ததாம். அந்தப் பல்லி நான்தான். பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் கண்ணாடிக் கதவுக்கு நேர் எதிரே இருக்கிற மேசை என்னுடையது. உல்லாசக் கப்பலில் போக வேண்டும் என்று யார் வந்தாலும் முதலில் என் முன்னால்தான் உட்கார வேண்டும். டிக்கெட்டும் போட்டுக் கொடுப்பேன், புத்தியும் சொல்லி அனுப்புவேன்.

கப்பல் கிளம்புகிற அன்றைக்கே விமானத்தில் போய் இறங்காதீர்கள், முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள் என்பேன். விமானம் தாமதமானால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. பெரிய பெட்டியைத் துறைமுக வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், அது ரூமுக்கு வந்து சேர சாயங்காலம் ஆகிவிடும். அதனால் மாத்திரையும் ஒரு மாற்றுத் துணியும் கைப்பையில் இருக்கட்டும். வாந்தி வருகிற உடம்பா, கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் ரூம் எடுங்கள். மேலே போகப் போக ஆட்டம் ஜாஸ்தி. இப்படி நான் சொன்னதை எல்லாம் கேட்டு நடந்தவர்கள் திரும்பி வந்து ஸ்வீட் கொடுத்திருக்கிறார்கள். கேட்காதவர்கள் வந்து சண்டை போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்வேன். மலைகளுக்கு நடுவே ஒரு துறைமுகம் இருக்கிறது. அந்த வழியாகப் போகிற கப்பல் என்றால் இடது பக்கம் பால்கனி வைத்த ரூமாக எடுங்கள். சாயங்காலம் கப்பல் கிளம்பும்போது ஊரும் மலையும் கலங்கரை விளக்கமும் ஒவ்வொன்றாக உங்கள் நாற்காலிக்கு முன்னால் நகர்ந்து போகும். போய் வந்தவர்கள் போனை நீட்டிப் படம் காட்டுவார்கள். நீங்க சொன்னது சரிதான் மேடம் என்பார்கள். நான் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுப்பேன். என் கண்ணால் நான் அதைப் பார்த்ததில்லை.

நீண்ட நாள் வேலை செய்தவள் என்று இந்த வருஷம் அலுவலகம் எனக்கு ஒரு சலுகை கொடுத்தது. அதே கப்பல், அதே துறைமுகம், இடது பக்கம், ஒன்பதாம் தளம், பால்கனி. என் பெயருக்கு நானே டிக்கெட் போட்டுக்கொண்டேன். ஒரு ஆளுக்கு ஒரு ரூம். கல்யாணம் ஆகாதவள், பிள்ளை குட்டி இல்லாதவள், யாரைக் கேட்க வேண்டும்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தம்பியிடம் சொல்லித் தொலைத்தேன்.

அடுத்த வாரமே அவனும் வருகிறேன் என்றான். பெண்டாட்டி, இரண்டு பெண் பிள்ளைகள், மொத்தக் குடும்பமும். சரி, வரட்டும், அவர்களுக்குத் தனி ரூம்தானே என்று நினைத்தேன். தம்பி பெண்டாட்டிக்குக் காரில் போனாலே வாந்தி வரும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். அதனால் நான்கு படுக்கை உள்ள பெரிய ரூமாகக் கீழ்த்தளத்தில், நடுவில் பார்த்துப் போட்டுக் கொடுத்தேன். ஜன்னல் கிடையாது, ஆனால் ஆட்டம் இருக்காது. என் புத்தியை எல்லாம் எழுதியும் அனுப்பினேன். தம்பி ஒரு கட்டை விரல் படத்தைத் திருப்பி அனுப்பினான். படிக்கவில்லை என்பது ஏறுகிற அன்றே தெரிந்துவிட்டது. பிள்ளைகளின் துணி ஒன்று விடாமல் பெரிய பெட்டிக்குள் போய்விட்டது. ஏறினதும் நீச்சல் குளத்தில் இறங்கிவிட்டுச் சின்னவள் என் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை திரிந்தாள்.

அதற்குள் என் ரூமும் போய்விட்டது.

ஏறிய கையோடு கீழ் ரூமைத் திறந்து பார்த்த தம்பி பெண்டாட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். மூடின ரூமில் மூச்சு முட்டுகிறதாம், காற்று வேண்டுமாம், இல்லாவிட்டால் வழி முழுக்க வாந்திதானாம். மேலே போனால்தான் வாந்தி அதிகம் என்று நான் சொன்னது செவிடன் காதில் ஊதிய சங்கு. தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அக்கா, நாங்க ரெண்டு பேரும் மேல இருந்துக்கறோம். நீ பிள்ளைங்களோட கீழ படுத்துக்கோயேன். நீ சும்மா படுத்துத் தூங்கதானே போற, ஜன்னல் இருந்தா என்ன, இல்லேன்னா என்ன?"

இரண்டு பிள்ளைகளும் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் எதிரில் என்ன சொல்வது? வரவேற்பு மேசைக்குப் போய், என் ரூமுக்குக் கூடுதலாக இரண்டு கதவு கார்டு வாங்கி அவன் கையில் கொடுத்தேன். சிரித்துக்கொண்டு வேறு கொடுத்தேன். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று தெரியாத வயசா எனக்கு?

அன்றிலிருந்து நான் ஆயா. காலையில் இரண்டு பேரையும் குளிப்பாட்டி, தலை பின்னி, சாப்பாட்டுக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும். கப்பலில் பிள்ளைகளுக்கென்றே ஒரு விளையாட்டுக் கூடம் உண்டு. பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டுப் பதிந்தால் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்வார்கள். அதையும்தான் எழுதி அனுப்பியிருந்தேன். எதுக்கு, அதான் அண்ணி இருக்காங்களே என்று தம்பி பெண்டாட்டி சொல்லிவிட்டாளாம். நான் கடல் பார்க்க வந்தவள். நான் பார்த்தது குளியலறைக் குழாயும் ஈரத் துண்டும்.

இரண்டாம் நாள் கடல் கொந்தளித்தது. பாதிக் கப்பல் காகிதப் பையும் கையுமாக நடைபாதையில் உட்கார்ந்திருந்தது. சின்னவள் என் மடியிலேயே வாந்தி எடுத்தாள். ஐயோ, மேல் தளத்தில் தம்பி பெண்டாட்டி என்ன பாடு படுகிறாளோ என்று மாத்திரையை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தேடிப் போனேன். அவள் சாப்பாட்டுக் கூடத்தில் கேக்கும் ஐஸ்கிரீமும் வைத்துக்கொண்டு தம்பியிடம் கதை பேசிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு வாட்டம் இல்லை. எனக்குப் பழகிடுச்சு அண்ணி என்றாள். மாத்திரையை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் அந்த மலைத் துறைமுகம் வந்தது. நான் ஜன்னல் இல்லாத ரூமில் பெரியவளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தபோது வந்தது. தம்பியும் அவளும் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். ஊர் சுற்றப் போகிறார்களாம். பிள்ளைகளை வெயிலில் அலைக்க வேண்டாமாம்.

அப்போதும் நான் என் தொழிலை விடவில்லை. எப்போதும் சொல்கிற கடைசிப் புத்தி ஒன்று உண்டு. கப்பலுக்கென்று ஒரு நேரம் இருக்கிறது, இறங்குகிற ஊருக்கு வேறு நேரம். கரையில் கால் வைத்ததும் போன் தானாக ஊர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும். கப்பல் மாறாது. அதனால் கையில் ஒரு பழைய கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள், முதல் நாளே கப்பல் நேரம் வைத்துவிட்டு அதைத் தொடாதீர்கள். என் கையில் கட்டியிருந்ததைக் கழற்றி நீட்டினேன். இந்த ஊர் கப்பலைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிறது, நாலு மணிக்குள் ஏற வேண்டும் என்றால் கப்பலின் நாலு மணி என்றேன்.

தம்பி வாங்கவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி அவன். "அக்கா, கஸ்டமர்கிட்ட பேசற மாதிரி எங்கிட்ட பேசாத" என்றான். போய்விட்டார்கள்.

மத்தியானம் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிவிட்டு, சாயங்காலம் கப்பல் கிளம்பும்போது நாம் மூன்று பேரும் மேலே திறந்த தளத்தில் போய் நின்று பார்க்கலாம் என்றேன். உனக்குத்தான் பால்கனி ரூம் இருந்ததாமே அத்தை, ஏன் குடுத்துட்ட என்று பெரியவள் கேட்டாள். உங்கம்மாவுக்கு உடம்பு முடியல இல்ல, அதான் என்றேன்.

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல அத்தை. அப்பாகிட்ட வீட்லயே சொன்னாங்க. மூச்சு முட்டுதுன்னு சொன்னா அண்ணி குடுத்துடுவாங்க, அவங்க சும்மா இருக்கறவங்கதானே, அவங்களுக்கு எதுக்கு பால்கனின்னு."

பிள்ளை அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

வீட்டிலேயே பேசி வைத்திருக்கிறார்கள். பெட்டி கட்டும்போதே முடிவு பண்ணியிருக்கிறார்கள். என் தம்பி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். சும்மா இருக்கிறவள். அப்பா படுக்கையில் விழுந்தபோது சும்மா இருக்கிறவள்தான் பார்த்துக்கொண்டாள். இவர்கள் இரண்டு பிரசவத்துக்கும் சும்மா இருக்கிறவள்தான் லீவு போட்டுவிட்டுப் போய் நின்றாள். காலையில் போனால் பொழுது சாய்ந்து வீடு திரும்புகிறவளுக்கு இந்தக் குடும்பம் வைத்த பெயர் அது. துக்கம் இல்லை. கோபம், சுத்தமான கோபம்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரவேற்பு மேசைக்குப் போனேன். கதவு கார்டு எத்தனை பேர் கையில் இருந்தாலும், டிக்கெட் யார் பெயரில் இருக்கிறதோ ரூம் அவருடையதுதான். அவர் சொன்னால் மற்ற கார்டுகளை நிறுத்திவிடுவார்கள். என் மேசையில் உட்கார்ந்து எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருப்பேன், எனக்கு நானே சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை. கூடுதலாகக் கொடுத்த இரண்டு கார்டுகளையும் நிறுத்திவிடுங்கள் என்றேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் காரணம் கூடக் கேட்கவில்லை. தம்பியின் பெட்டிகளைக் கீழ் ரூமுக்கு இறக்கவும் ஆள் அனுப்பினாள். காயப்போட்டிருந்த தம்பி பெண்டாட்டியின் புடவையை நானே மடித்து வைத்துக் கொடுத்தேன். கசக்கிக் கொடுத்திருக்க வேண்டும்.

கப்பல் நேரம் நாலை நெருங்கியது. அவர்களைக் காணோம்.

போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி மறுபடி போட்டேன். ஒலிபெருக்கியில் தம்பி பேரும் அவள் பேரும் வந்தன. சின்னவள் அப்பா பேரு, அப்பா பேரு என்று குதித்தாள். பெரியவளுக்குப் புரிந்துவிட்டது. என் சேலையைப் பிடித்துக்கொண்டு, அவங்க வராம கப்பல் போயிடுமா அத்தை என்றாள். அவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கடவுளே வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதற்கும் சேர்த்து அவன்மேல்தான் கோபம் வந்தது. நிம்மதியாகக் கோபப்படக்கூட விடமாட்டேன் என்கிறானே.

சின்னவளைத் தூக்கிக்கொண்டு பால்கனியில் நின்று பார்த்தேன். கப்பல் கிளம்பப் போகிறது என்று ஊதிய சங்கைக் கேட்டுத்தானோ என்னவோ, துறைமுகப் பாதையின் கோடியில் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அவன் கை நிறையப் பைகள். அவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள், தொப்பியைக் காணோம். மேல் தளங்களில் நின்றவர்கள் கைதட்டி விசில் அடித்தார்கள். ஏறுகிற பாலத்தை இழுக்க ஆட்கள் கயிற்றைப் பிடித்துவிட்டார்கள். அதற்குள் இரண்டு பேரும் விழுந்தடித்து உள்ளே வந்தார்கள். பாலம் போனது. நான் சின்னவளை இறக்கி விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கதவில் கார்டு உரசுகிற சத்தம் கேட்டது. திரும்பத் திரும்பக் கேட்டது. பிறகு தட்டினார்கள். திறந்தேன். தம்பி வேர்த்து விறுவிறுத்து நின்றான்.

"ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா அக்கா?"

"உன் போனை எடுத்துப் பாரு."

எடுத்துப் பார்த்தான். சத்தத்தை அணைத்து வைத்திருந்தான். முகம் மாறியது. போனின் மூலையில் ஊர் நேரம், மூணு சொச்சம், இன்னும் அப்படியே இருந்தது. அதற்குள் அவள் அவனைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். கார்டு வேலை செய்யல அண்ணி, என்னோட பெட்டி எங்க என்றாள். உங்க ரூமில் என்றேன். பிள்ளைகள் இரண்டு பேரையும் முன்னால் விட்டேன். நாளைக்குக் காலையில நீங்க ரெண்டு பேரும் வந்து கதவைத் தட்டுங்க, பால்கனியில உட்காரலாம் என்று அவர்களிடம் சொன்னேன். பெரியவள் தலையை ஆட்டினாள்.

தம்பி பெண்டாட்டி விடவில்லை. "நாங்க உசுரு போக ஓடி வந்து நிக்கறோம், நீங்க என்னடான்னா ரூமைப் பூட்டிக்கிட்டு சும்மா உட்கார்ந்திருக்கீங்க."

"ஆமாம்மா. சும்மா உட்காரத்தான் இந்த ரூமை எடுத்தேன். கீழ்த்தளம், நடுவுல, ஆட்டமே இருக்காது. உனக்குன்னு பார்த்துப் போட்டது."

தம்பி அக்கா என்றான். அவன் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தான். வீட்டில் அவள் சொன்னபோது திறக்காத வாய் அது. நான் கதவைச் சாத்திவிட்டேன்.

பால்கனிக்கு வந்தேன். பேசிக்கொண்டு நின்றதில் ஊர் பாதி போய்விட்டது, கலங்கரை விளக்கத்தின் முதுகுதான் தெரிந்தது. அதற்கும் ஒரு முறை அவர்களைத் திட்டினேன். மலை மட்டும் இன்னும் மிச்சம் இருந்தது. நாற்காலியில் அவள் போட்டுவிட்டுப் போன ஈரத் துண்டு கிடந்தது. எடுத்து மூலையில் எறிந்தேன். கதவை மறுபடி தட்டினார்கள், கொஞ்சம் மெதுவாக.

நான் எழுந்திருக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.