முட்டுக்கட்டை

அன்று நான் ஒரு வார்த்தை சொல்லித் தடுத்ததாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். சொன்னேனா என்பது எனக்கே நிச்சயமில்லை. நினைவு எப்போதும் நம் பக்கம்தான் சாட்சி சொல்லும். வெயில் ஏறியிருந்தது, அத்தான் புதுக் கையுறை போட்டிருந்தார். இவை மட்டும் உறுதி.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துக் கோப்புகளைப் பார்க்கிறவர். ஊரார் செய்த முட்டாள்தனங்களைப் படித்துக் கையெழுத்திட்டே வயிறு வளர்த்ததால், தனக்கு அப்படி எதுவும் நேராது என்ற எண்ணம் அவருக்கு. காரின் பின்சக்கர பிரேக் கிறீச்சிட்டதும், மெக்கானிக் எல்லாம் திருடன் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மூன்று வீடியோ பார்த்துவிட்டு, வண்டியை எங்கள் வீட்டு முற்றத்துக்கு ஓட்டிவந்தார். இங்கேதான் கருவிகள் இருந்தன. அப்பா முப்பத்தோரு வருடம் பஸ் டிப்போவில் பிரேக் வேலை பார்த்தவர். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

முற்றம் தெருப்பக்கம் சரிவு. அத்தான் ஜாக்கி வைத்துத் தூக்கி, பின்சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே இருந்த இரும்புச் சட்டி, பிரேக் டிரம், அசையவில்லை. கைபிரேக் பிடித்திருந்தால் அது வராது. காருக்குள் எட்டிக் கைபிரேக்கை விடுவித்தார். கியரும் நியூட்ரலில் கிடந்தது. வண்டியை அதன்பின் நிறுத்தி வைத்திருந்தவை ஜாக்கியும் அத்தானின் தன்னம்பிக்கையும்தான்.

அப்பா எழுந்துபோய் இரண்டு மரக்கட்டைகளை எடுத்துவந்தார்.

“முன் சக்கரத்துக்கு முட்டு குடுத்துரலாமா மாப்ள?”

“இது என்ன உங்க டிப்போ பஸ்ஸா மாமா? நீங்க உக்காருங்க.”

அப்பா உட்கார்ந்துவிட்டார். கட்டை வைக்காமல் சக்கரத்தைத் தொட்டவனை டிப்போவே கேட்கத் திட்டிய மனிதர். ஆனால் மாப்பிள்ளை உட்காரச் சொன்னால் எங்கள் வீட்டில் உட்கார்ந்துவிடுவோம். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். பேசாமல் இருப்பதை ஆழம் என்று நினைத்த காலம் அது. கோழைத்தனத்துக்கு அதைவிட நல்ல சட்டை கிடையாது.

அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். நாலு பேர் குத்தியும் கிடைக்காத கைக்குழந்தையின் நரம்பை வலது ஆள்காட்டி விரலால் தடவியே கண்டுபிடிப்பாள். அந்த விரலுக்காகவே குழந்தைகள் மருத்துவமனையில் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும்.

“சும்மாதானே நிக்கிற, டார்ச்சப் புடி,” என்றார் அத்தான், பக்கத்தில் நின்ற அக்காவிடம்.

சுத்தியலால் டிரம்மைத் தட்டினார். அவர் கால் பட்டு ஒரு நட்டு டிரம்முக்கு அடியில் உருண்டது.

“அத எடு.”

“வண்டி ஆடுதுங்க.”

“தட்டுனா ஆடாம பாடுமா? உன் கை சின்னது, எடும்மா.”

அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மடியிலிருந்த கட்டைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தாள். நான் தெருவைப் பார்த்தேன். அவள் கையை உள்ளே விட்டாள்.

அடுத்த தட்டில் வண்டி ஒரு சாண் நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்தது. டிரம் அவள் கைமேல் இறங்கியது. அவள் கத்தவில்லை, வாய் மட்டும் திறந்திருந்தது. அப்பா ஓடிவந்து முதலில் இரண்டு கட்டைகளையும் வைத்தார், பிறகுதான் ஜாக்கியை ஏற்றினார். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மருத்துவமனை நடையில் அத்தான் சொன்னார்: “உங்க முற்றம் கோணல் மாமா. முன்னாடியே சமன் பண்ணியிருக்கணும்.”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளுக்காவது யாரும் தலையாட்டியிருக்க மாட்டார்கள்.

“ஆமா மாப்ள, என் தப்புதான்,” என்றார் அப்பா.

அக்காவின் அந்த ஆள்காட்டி விரல் நுனி போய்விட்டது, மிச்சத்தில் உணர்ச்சி இல்லை. அதே பரிசோதனைக் கூடத்தில் முகப்பு மேசையில் உட்கார்ந்து அறிக்கைகளைக் கவரில் போட்டுக் கொடுக்கிறாள். குழந்தைகள் மருத்துவமனை வேறொருத்தியை எடுத்துக்கொண்டது. அப்பா முற்றத்தைச் சமன் செய்தார், மறுவருடம் இறந்துபோனார். அத்தான் விபத்துப் பிரிவுக்குத் தலைவராகிவிட்டார். அவரை நான் இன்றும் அத்தான் என்றுதான் கூப்பிடுகிறேன்.