நான்காம் வாசலில் ஒரு கருங்காலி

டென்னி கோஷாக்கின் முதல் அடி வண்டியின் முன்கண்ணாடியில் விழுந்தது. இரண்டாவது அடி, ஓட்டி வந்தவரின் கையில். பீப்பாயில் எரிந்த விறகின் வெடிப்பையும் மீறி எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"கருங்காலி! இழுத்து வெளிய போடுங்கடா!"

இழுத்துப் போட்டார்கள். பனியில் விழுந்தவரை நாலு பூட்ஸ் கால்கள் மாறி மாறி மிதித்தன. ஒடெஸ்ஸா டிப்ஸ் என்கிற நான்தான் நான்காம் வாசல் மறியலுக்குத் தலைவி. கையில் பேஸ்பால் மட்டையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன்.

லாரிச் சக்கரங்களுக்கு அச்சு செய்யும் வேக்ஃபீல்டு தொழிற்சாலையில் அது வேலைநிறுத்தத்தின் மூன்றாவது வாரம். போன அக்டோபரில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மீதியிலும் பாதியை அனுப்பப் போகிறோம் என்று கம்பெனி சொன்னதால் வெளியே வந்தவர்கள் நாங்கள். ஃபிளின்ட் நகரத்துப் பிப்ரவரிக் குளிரில், வெளியூர் ஆட்களைப் பஸ்ஸில் ஏற்றி உள்ளே விடப் பார்த்தது நிர்வாகம். முந்தின நாள் அந்த பஸ்ஸில் ஒரு ஜன்னலைக்கூட நாங்கள் மிச்சம் வைக்கவில்லை. எங்கள் ஆட்கள் ஆறு பேர் மண்டை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். வாசலில் யாருக்கும் தூக்கமும் இல்லை, பொறுமையும் இல்லை.

கீழே கிடந்தவரின் முகத்தைப் பார்த்ததும் மட்டையைக் குறுக்கே நீட்டினேன்.

"நிறுத்துங்கடா! நம்ம வெர்லின்டா இது! வெர்லின் ஹாட்ஜ்!"

"நம்ம வெர்லின் எதுக்கு டிபன் டப்பாவோட வர்றாரு, சிஸ்டர்? உள்ள பிக்னிக்கா?" என்றான் டென்னி.

வண்டியின் இருக்கையில் கறுப்புத் தகர டப்பா இருந்தது. அதுதான் வினை. வேலைநிறுத்தம் செய்கிறவன் யூனியன் சமையலில் சாப்பிடுவான். வாசலுக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுவருகிறவன் உள்ளே போய் முழு ஷிப்ட் வேலை செய்யப் போகிறவன். எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு அது.

வெர்லின் ரத்தத்தைத் துப்பினார். "ஒடெஸ்ஸா... திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுட்டாங்க. இன்னைக்கு ஏழு மணிச் சங்குதான் கெடு."

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வெர்லின் அக்டோபரில் வீட்டுக்கு அனுப்பப்பட்டபோது அவருக்கு இருபத்தொன்பது வருட சர்வீஸ். முப்பது முடித்தால் சாகும்வரை பென்ஷன். சில மாதங்கள்தான் பாக்கி. ஆனால் எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு விதி உண்டு: வீட்டுக்கு அனுப்பியவனைத் திரும்ப அழைத்தால் கெடுவுக்குள் அவன் வந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அத்தனை வருடமும் வேரோடு போய்விடும். வேலைநிறுத்தம் நடக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி அந்த விதியில் ஒரு வார்த்தை கிடையாது. அதனால்தான் கம்பெனி முப்பதை நெருங்கியவராகப் பார்த்து இப்போது கூப்பிட்டிருக்கிறது. வந்தால் கருங்காலி. வராவிட்டால் கம்பெனிக்குப் பென்ஷன் பணம் மிச்சம்.

"உள்ள போய் வருகைக் கார்டை அடிச்சுட்டு உடனே வெளிய வந்துரலாம்னு நெனச்சேன்," என்று முனகினார் வெர்லின். "யூனியன் ஆபீசுக்கு போன் போட்டுப் போட்டு விரலே தேஞ்சுபோச்சு. ஒருத்தனும் எடுக்கல."

"எடுக்க அங்க யாரு இருக்கா? எல்லாரும் இங்கதானே நிக்கிறோம்," என்றேன்.

"அப்ப டப்பா எதுக்கு, கிழவா?" டென்னி விடவில்லை.

"பழக்கம்டா, நாயே! இருபத்தொன்பது வருசமா லொரெய்ன் கட்டி வைக்கிறா, நான் தூக்கிட்டு வர்றேன். கை தானா எடுத்துருச்சு!"

யாரோ சிரித்தார்கள். டென்னி சிரிக்கவில்லை. அவன் அண்ணன் அக்டோபரில் வேலை போய், டிசம்பரில் துப்பாக்கிக் குழலை வாயில் வைத்துக்கொண்டவன். அதற்குப் பிறகு டென்னி யார் சொல்வதையும் நம்புவதில்லை.

தொழிற்சாலைச் சுவர்க் கடிகாரம் ஏழை நெருங்கிக்கொண்டிருந்தது. "ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க," என்று ஒருவன் சொன்னான்.

"ஆஸ்பத்திரி அப்புறம்," என்றார் வெர்லின். "மொதல்ல அந்தக் கார்டு. ஒடெஸ்ஸா, உன் காலப் பிடிக்கிறேன்."

அவருடைய நல்ல கையை என் தோளில் போட்டுத் தூக்கினேன். டென்னி வாசலின் குறுக்கே வந்து மட்டையைக் கிடைமட்டமாகப் பிடித்தான்.

"இந்தக் கோட்டத் தாண்டினா நீயும் கருங்காலிதான், சிஸ்டர்."

"வழி விடு, பிரதர்."

"எங்கண்ணனுக்கு யாராச்சும் வழி விட்டாங்களா?"

மட்டையை ஓங்கினான். நான் முந்திக்கொண்டேன். என் அடி அவன் முழங்காலில் இறங்கியது. அலறிக்கொண்டு பனியில் சரிந்தான். பின்னாலிருந்து ஒரு பாட்டில் பறந்து வந்து என் காதைக் கிழித்தது. "துரோகி!" என்று கத்தினார்கள். நேற்றுவரை என் பேச்சுக்குக் கட்டுப்பட்டவர்கள். வெர்லினை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

காவலாளி எங்கள் கோலத்தைப் பார்த்துத் தானாகவே கதவைத் திறந்துவிட்டான்.

வருகைக் கடிகாரத்தின் முன்னால் பணியாளர் பிரிவு அதிகாரி லேத்ரப், இஸ்திரி போட்ட சட்டையும் காபிக் கோப்பையுமாக நின்றிருந்தார். இந்த மாதிரி யாராவது வருவார்கள் என்று எதிர்பார்த்தே நின்றிருக்க வேண்டும்.

"அடடா, வெர்லின்! இந்தக் கையோட எப்பிடிய்யா அச்சுத் தூக்குவ? நீ வேலைக்கு லாயக்கில்ல. வீட்டுக்குப் போ. அழைப்பு ரத்து."

"ரத்து பண்ண உங்களுக்கு அதிகாரம் இல்ல," என்றேன். "ஒப்பந்தத்துல 'வேலை செய்யணும்'னு போடல. 'வந்து நிக்கணும்'னுதான் போட்டிருக்கு. நிக்கிறாரு, பாத்துக்குங்க."

"எங்க நிக்கிறான்? நீதான் மூட்டை மாதிரி தூக்கிப் பிடிச்சிருக்க!"

வெர்லின் என் தோளிலிருந்து கையை எடுத்தார். உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. ஆனால் நின்றார்.

லேத்ரப்பின் சிரிப்பு போய்விட்டது. சட்டென்று திரும்பி, கார்டுகள் செருகிய சுவர்ச் சட்டத்திலிருந்து வெர்லினின் கார்டை உருவினார். கிழிக்கப் போகிறார் என்று தெரிந்தது. அவருடைய கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துச் சுவரில் அடித்தேன். காபி தெறித்தது. அவர் என் கிழிந்த காதைப் பிடித்துத் திருகினார். வலியில் கண் இருண்டது. மறுபடியும் அடித்தேன். மூக்கு உடைந்தது அவருக்கு. இந்த அடியோடு என் பத்தொன்பது வருட வேலை முடிந்தது என்று அந்த நொடியிலேயே எனக்குத் தெரியும். மூன்றாவது அடியைக் கொஞ்சம் ரசித்தே அடித்தேன்.

கார்டு தரையில் விழுந்தது. வெர்லின் குனிய முயன்று முகம் குப்புற விழுந்தார். முறிந்த கை உடம்புக்கு அடியில் மாட்டியதும் அவர் போட்ட சத்தம் மனிதச் சத்தமாகவே இல்லை. பல்லால் கார்டைக் கவ்வினார். சுவரைப் பிடித்து ஏறினார். கடிகாரத்தின் வாயில் கார்டை நுழைத்து நெற்றியால் நெம்புகோலை இடித்தார்.

டக்!

அடுத்த மூச்சு விடுவதற்குள் ஏழு மணிச் சங்கு ஊதியது. வெர்லின் கார்டைத் திரும்பப் பல்லால் உருவிக்கொண்டார்.

"போலீஸ்!" என்று தரையிலிருந்து கத்தினார் லேத்ரப்.

நாங்கள் வெளியே வந்தபோது கூட்டம் எங்களுக்காகக் காத்திருந்தது. மட்டைகள், சங்கிலிகள், கோடாலிக் காம்புகள். ஒற்றைக் காலில் டென்னி முன்னால் நின்றான். ஒரு கல் என் தோளில் பட்டது.

வெர்லின் வாயிலிருந்து கார்டை எடுத்து உயர்த்திப் பிடித்தார்.

"டேய் முட்டாப் பசங்களா! வேலையில இல்லாதவன் எப்பிடிடா வேலைநிறுத்தம் பண்ணுவான்? இப்பதான் வேலைக்குச் சேர்ந்தேன். இப்ப வெளிநடப்பு பண்றேன்!"

பீப்பாய் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது, பிறகு இன்னொன்று. டென்னி எங்களை முறைத்தபடியே நின்றான்.

"மொதல்லயே சொல்றதுக்கென்ன, கிழவா?"

"நீ எங்கடா சொல்ல விட்ட?"

எங்கள் முதுகுக்குப் பின்னால் வாசல் கதவு அகலமாகத் திறந்தது. உள்ளே காவலுக்கு நிறுத்தியிருந்த ஷெரீப்பின் போலீஸ் ஆட்கள் தலைக்கவசத்தோடும் தடியோடும் ஓடி வந்தார்கள். ரத்தம் வழியும் மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு லேத்ரப் என்னைச் சுட்டிக் காட்டினார். "அவதான்! அந்தப் பொம்பளதான்!"

எங்களை உள்ளே விட மறுத்த அதே வரிசை இப்போது எங்களைத் தாண்டி முன்னால் போய்த் தோளோடு தோள் சேர்ந்து நின்றது. டென்னி நொண்டியபடி என்னைக் கடந்தான்.

"கால் வலிக்குது, சிஸ்டர். உன் கணக்க அப்புறம் பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு, முதல் தலைக்கவசத்தின் மீது மட்டையை இறக்கினான்.

வெர்லினைப் பனியில் உட்கார வைத்தேன். ஓடி வந்த தடி ஒன்று என் முதுகில் விழுந்தது. திரும்பினேன்.