மாட்டுக்காரன் சேணம்

காலையில் எழுந்தேன். பல் துலக்கினேன். கிணற்றடியில் குளித்தேன். ரொட்டிக்காரர் வாசலில் இரண்டு ரொட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒன்று போதும் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஒன்றைக் காப்பியில் தோய்த்துத் தின்றேன். சட்டை போட்டேன். கதவைப் பூட்டினேன்.

அன்று பாடம் எடுக்கப் பள்ளிக்கூடத்துக்கு நேராகப் போகவில்லை. உப்பளம் கல்லறைப் பக்கம் கல் வெட்டும் பாவாடை என்பவர் வரச் சொல்லியிருந்தார். என் மனைவியின் கல்லறைக் கல்லில் எழுத்து வரைந்தாயிற்றாம். உளி வைப்பதற்குமுன் நான் ஒருமுறை பார்த்துவிட வேண்டுமாம். அந்தக் கல்லுக்கு ஏற்பாடு செய்தது நானல்ல, அவளுடைய சித்தப்பா பிரான்சுவா. "நான் பாத்துக்கறேன் மாப்ளே" என்றார். சரி என்றேன். அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொன்னேன்.

கல் சாக்கின்மேல் கிடந்தது. சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தது. ஆனந்தமேரி. பிறந்த ஆண்டு. இறந்தது 1936. அதன் கீழே இரண்டு வரி: 'ஆண்டவரே, என் ஆங்காரத்தை மன்னியும். இது அவள் கடைசி வார்த்தை.'

திரும்பவும் படித்தேன்.

"இத யார் குடுத்தது?"

"பெரிய முசியே பிரான்சுவாதான். கிட்ட நின்னு எழுத்து அளவெல்லாம் சொன்னாரு. ஏன், எதுனா தப்பா?"

அவள் அப்படிச் சொல்லவே இல்லை.

ஆங்காரம் என்று பிரான்சுவா சொல்வது குதிரைச் சவாரியை. ஆனந்தமேரி இரு பக்கமும் கால் போட்டு, வைத்திக்குப்பம் கடற்கரை மணலில் குதிரை ஓட்டினாள். அவள் அப்பா லூயிஸ் கப்பலில் சமையல்காரராகப் போய் அமெரிக்காவில் இறங்கியவர். அங்கே மாட்டு மந்தைகளைக் குதிரையில் ஓட்டிப் போகிறவர்களுக்குப் பல வருடம் சமைத்துப் போட்டுவிட்டு, அவர்களுடைய சேணம் ஒன்றோடு ஊர் திரும்பினார். அவர் இறந்தபின் அது அவளுடையது. முன்னால் கயிறு சுற்ற ஒரு கொம்பு. கால் வைக்க மரத்தில் அகலமான அங்கவடி. குதிரை வயிற்றைச் சுற்றிச் சேணத்தை இறுக்கும் வயிற்றுவாரில் பக்கிள் கிடையாது. நீளமான தோல்வாரை வளையத்தில் சுற்றிவிட்டு, டை கட்டுவதுபோல முடிய வேண்டும். "உங்க டையவிட என் குதிரை முடிச்சு நேரா இருக்குது பாருங்க" என்பாள். பக்கிள் வேண்டாமா என்று ஒருநாள் கேட்டேன். "பக்கிள் தையல் உள்ளுக்குள்ள இத்துப்போவும், கண்ணுக்குத் தெரியாது. முடிச்சு நாமளே தெனம் போடறது" என்றாள்.

பிரான்சுவாவுக்கு அது பொறுக்கவில்லை. அவர் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் அதிகாரிகளின் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர். மாட்டுக்காரன் சேணம் என்றுதான் எப்போதும் சொல்வார். நாங்கள் வில்லியனூர் மாதா திருவிழாவுக்குப் போயிருந்தபோது, அந்த நீள வாரை வெட்டி எறிந்துவிட்டு, தன் பழைய பட்டாளத்து வாரைப் பக்கிளோடு மாட்டி வைத்தார். மறுநாள் அவரே சேணம் பூட்டிக் குதிரையைக் கடற்கரைக்குக் கொண்டுவந்தார். அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "சித்தப்பா மனசு நோவும். இன்னிக்கு ஒருநாள்" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஏறினாள்.

குதிரை திரும்பும்போது பக்கிள் தையல் விட்டது. சேணம் புரண்டது. படகு கட்டும் கல்லில் அவள் தலை மோதியது.

இதுதான் அவளுடைய ஆங்காரம்.

குடையை ஊன்றிக்கொண்டு பிரான்சுவா வந்தார். "என்ன மாப்ளே, பள்ளிக்கூடம் இல்லியா?"

"இத அழிக்கச் சொல்லுங்க மாமா."

"எத?"

"அவ சொல்லாதத."

"சொன்னா மாப்ளே. இந்தக் காதால கேட்டேன். பங்குச்சாமியார்கிட்ட சொன்னேன், பூசையில அத்தன பேரும் அழுதாங்க. நல்ல சாவுன்னு பேர் வந்திருக்குது. நீங்களே கெடுக்காதீங்க."

"அவ தல என் மடியில இருந்துது. நீங்க சாட்டையோட குதிரைகிட்ட நின்னீங்க."

"பதட்டத்துல ஒங்களுக்குக் கேட்டிருக்காது."

"வாரை வெட்டினது யாரு?"

அவர் முகம் கறுத்தது. "பக்கிள் போட்டது குத்தமா? எந்த ஊர் பட்டாளத்துல குதிரைக்கு முடிச்சு போடறான், சொல்லுங்க! பொம்பள ஆம்பள மாதிரி ஏறினா இப்படித்தான் ஆவும்னு ஊரே சொல்லுது. நானா சொன்னேன்?"

அவள் போன நாளிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை. தூக்கம்கூடக் கெடவில்லை. மரத்துக் கிடந்தேன். இப்போது கோபம் வந்தது. வார் அவருடையது, தையல் அவருடையது. மன்னிப்பு மட்டும் அவள் கேட்க வேண்டுமாம். அதையும் கல்லில் வெட்டி அவள் தலைமாட்டில் நட்டுவிட வேண்டுமாம். எழுந்து வந்து மறுக்க மாட்டாள் என்ற தைரியம்.

பாவாடையின் துண்டைத் தொட்டித் தண்ணீரில் நனைத்து அந்த இரண்டு வரியையும் தேய்த்து அழித்தேன். பிரான்சுவா என் கையைப் பிடித்தார். உதறினேன். குடை கீழே விழுந்தது.

பாவாடை எங்கள் இருவரையும் பார்த்தார். "ரெண்டு வரிக்கு எடம் வுட்டாச்சு முசியே. சும்மா வுட்டா மூளியா இருக்கும். அவங்க நெசமா இன்னாதான் சொன்னாங்க? அதையே வெட்டிடறேன்."

"மாப்ளே, வேணாம்" என்றார் பிரான்சுவா. குரல் இறங்கியிருந்தது.

"எழுதிக்குங்க. அவ சொன்னது இதான்" என்றேன்.

"சித்தப்பா, குதிரைய அடிக்காதீங்க. தப்பு அது மேல இல்ல."