காய்ச்சல் சுவர்

“இந்தக் கட்டடத்தை ஆஸ்பத்திரிக்கே திருப்பிக் கொடுத்துடலாம்ப்பா” என்று அவள் கேட்டே விட்டாள். எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் வாயால் சொல்லாதே என்று குடிவந்த அன்றே அம்மா எச்சரித்திருந்தாள். அந்த வீட்டுச் சுவருக்குக் காய்ச்சல் வரும். ஊருக்கே தெரியும், குழாயில் தண்ணீர் வரும் நேரம் தெரிவதைப் போல.

நகராட்சியின் இலவச ஆஸ்பத்திரியாக இருந்த கட்டடம் அது. டாக்டரை ஊருக்கு வெளியே புது ஆஸ்பத்திரிக்கு மாற்றிய பிறகு, தொழில் தொடங்கும் பட்டதாரிக்கு மட்டுமே வாடகைக்கு என்று அறிவித்தார்கள். சலவைக் கடைக்காரர் குடும்பத்தில் சல்லடை போட்டுத் தேடினாலும் பட்டதாரி அவள் ஒருத்திதான். அவள் பெயரில் எடுத்தார்கள். கையெழுத்துப் போட்ட அன்றும், இடம் மாறியது தெரியாமல் வாசலில் கைக்குழந்தைகளோடு ஆட்கள் நின்றிருந்தார்கள். அவள் தலையை நிமிர்த்தாமல் போட்டாள். ஊசி போடும் அறை சமையலறை ஆனது. பிரசவ அறையில் அப்பாவும் அம்மாவும் படுத்தார்கள். மருந்து கொடுத்த ஜன்னலில் துணி வாங்கினார்கள். நோயாளிகள் காத்திருந்த கூடம் பட்டறை.

முதல் மழைக்காலத்தில் அண்ணன் ஈரப் போர்வை ஒன்றைக் கூடத்துச் சுவரில் சாய்த்துவைத்தான்; எடுத்தபோது ஒரு சுருக்கம் இல்லை. வேறு குடும்பமாக இருந்தால் பயந்து காலி செய்திருக்கும். இது சூட்டைக் கண்டால் துணியை விரிக்கும் குடும்பம். அடுத்த நாளே இஸ்திரிப் பெட்டிகளைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். ஊரில் காய்ச்சல் கண்டவரின் நெற்றி எந்த உயரமோ அந்த உயரத்தில் சுவர் சுடும் என்பது போகப்போகப் புரிந்தது. கீழே சுட்டால் பள்ளிச் சீருடை, மேலே சுட்டால் பேன்ட். ஊரெல்லாம் படுத்துக்கிடந்த வருஷம் லாட்ஜுக்காரர்களின் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வந்தன. காய்ச்சல் விட்டு எழுந்தவர்கள் ஜன்னலில் வந்து, “நம்ம சூட்டுல எவ்வளவு துணி ஓடிச்சு?” என்று பெருமையாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். “யாரோ கிடந்து காயுறாங்களேப்பா” என்று அவள் சொல்லும்போதெல்லாம் அப்பா, “நாமளா வரவழைச்சோம்?” என்பார். மேற்படிப்புக்குப் படித்த குளிர்காலம் முழுக்க அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக் கதகதப்பாக உட்கார்ந்திருந்தவளும் அவள்தான்.

பட்டறையில் அறுந்த பொத்தான் தைப்பவளைப் பொத்தானக்கா என்பார்கள். ஒரு நாள் பொத்தானக்கா வேலைக்கு வரவில்லை. அன்று சுவர் தொடையளவு உயரத்தில், கை வைக்க முடியாதபடி சுட்டது. அண்ணன் சீட்டியடித்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை மூட்டையையே பிரித்தான். அவளும் அண்ணனோடு உட்கார்ந்து தேய்த்தாள். மத்தியானம், ஒரு சின்னச் சட்டையின் கையைப் பாதி தேய்த்திருக்கும்போது, சுவர் சட்டென்று சில்லிட்டது. “அடச்சே, இன்னும் அரை மூட்டை இருக்கே” என்றான் அண்ணன். சாயங்காலம் சேதி வந்தது. புது ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸிலேயே பொத்தானக்காவின் குழந்தை போய்விட்டது.

அதன் பிறகுதான் அவள் அப்பாவிடம் கேட்டாள்.

“திருப்பிக் கொடுத்தா டாக்டர் வந்துடுவாரா?” என்றார் அப்பா.

“நகராட்சியில நர்ஸ் ஒருத்தரைப் போடுறோம்னு சொல்றாங்க. வாசல்லயே பார்த்திருந்தா அந்தப் புள்ள பஸ் ஏறியிருக்காது.”

“பட்டதாரியம்மா படிச்சதே இந்தச் சுவத்து புண்ணியத்துலதான்” என்றான் அண்ணன்.

“அதுதாண்ணா உடம்பெல்லாம் கூசுது.”

“எங்களைத் தெருவுல நிறுத்தப் பாக்குறியாடி?” என்று அம்மா குரலை உயர்த்தினாள்.

“நாம நிறுத்தலையாம்மா?”

அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

“நான் மரியாதைக்குத்தான்ப்பா கேட்டேன். காலையிலயே ஆபீசுக்குப் போய் ஒப்படைக்கிறேன்னு எழுதிக் கொடுத்துட்டேன்.”

“யாரைக் கேட்டு?”

“எடுக்கிறப்ப என்னைக் கேட்டீங்களா?”

சுவர் மறுபடி சூடேறத் தொடங்கியது, இந்த முறை இடுப்பளவில். பழக்கத்தில் அண்ணனின் கை ஒரு சீருடையை எடுத்தது; எடுத்ததை என்ன செய்வதென்று தெரியாமல் தோளில் போட்டுக்கொண்டான். ஊரில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், அவ்வளவுதான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். பொத்தானக்காவிடம் போய், அன்றைக்கு நானும்தான் தேய்த்தேன் என்று சொல்ல வேண்டியிருந்தது.