மைக் வேண்டாதவள்

என் அப்பா நகுலேஸ்வரன் மொன்ட்ரியாலில் எத்தனையோ பேருடைய வாயை அடைத்திருக்கிறார். அடித்தோ திட்டியோ அல்ல. எங்கள் தமிழ்ச் சங்கத்து விழாக்களில் தலைவர் என்று முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். மேடையில் பேசுகிறவர் இழுத்தால், அல்லது அப்பாவுக்குப் பிடிக்காத பக்கமாகப் போனால், மூலையில் சவுண்ட் பெட்டிக்குப் பின்னால் நிற்கிற றொசானைத் திரும்பிப் பார்த்துக் கையைக் கழுத்துக்கு நேரே ஒரு தரம் இழுப்பார். மைக் செத்துப்போகும். பேசியவர் கொஞ்ச நேரம் வாயை அசைப்பார், மைக்கைத் தட்டிப் பார்ப்பார், பிறகு அசடு வழிய இறங்கிவிடுவார். ஒரு சாமியார், ஒரு அரசியல்வாதி, சொந்த மகளின் கல்யாணத்தில் பேசிக்கொண்டிருந்த ஒரு தகப்பன் என்று பலர் அந்தக் கையால் இறங்கியவர்கள்தான். மண்டபத்தை நேரத்துக்குக் காலி செய்யவேண்டும் என்பது அப்பா சொல்லும் காரணம். எனக்கு அந்தக் கையைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். வீட்டில் எங்களை நிறுத்த அவருக்கு றொசானும் தேவைப்படவில்லை.

அந்தக் கைக்கு அடங்காத ஒருத்தியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். என் மச்சாள் வினோஜா, அப்பாவின் தங்கை இந்திராதேவி மாமியின் மகள். ஜெர்மனியில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்து அங்கே ஒப்பேரா பாடுகிறவள். சொப்ரானோ, அதாவது பெண்குரலிலேயே ஆக உச்சத்தில் பாடுகிற குரல். ஜெர்மன் பாடகி என்று நான் அறிமுகப்படுத்தினால் நம் ஆட்கள் உடனே "தமிழ்ப் பிள்ளை எண்டு சொல்லும்" என்று திருத்துவார்கள். அதற்கு அவளே பதில் சொல்லுவாள். "நான் ஜெர்மன்காரி. தமிழும்தான். ரெண்டிலை ஒண்டை விடச் சொல்ல நீங்கள் ஆர்?"

மாமி அகதியாக வூப்பர்தால் நகரத்துக்குப் போனவர். புருஷன் நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டார். மாமிக்கு அங்கே ஒரு நாடகசாலையின் கன்டீனில் கோப்பை கழுவுகிற வேலை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிள்ளையை வைத்துக்கொள்ள ஆளில்லை. மேல்மாடியில் சிறுவர் பாட்டுக்குழு பழகிக்கொண்டிருந்தது, அதில் கொண்டுபோய் விட்டார். இசையாவது கலையாவது, மாமிக்கு அது பிள்ளை பார்க்கிற, காசு கேட்காத ஒரு கார்டறி, அவ்வளவுதான். பிள்ளை அங்கேயிருந்து இறங்கி வரவேயில்லை.

அவளை வரவேற்க அங்கே யாரும் ஆலத்தி எடுக்கவில்லை. இசைக் கல்லூரியில், குரல் நல்லம், பெயர்தான் வாய்க்குள் நுழையவில்லை, சுருக்கிவிடு என்றார்கள். சுருக்கமாட்டேன் என்றாள். முதல் வேலை கிடைத்த நாடகசாலையில் அடிமைப் பெண், கோயில் தாசி, கீழைத்தேச இளவரசி என்று அவளுடைய தோலைப் பார்த்தே வேஷம் கொடுத்தார்கள். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சீமாட்டி வேஷம் இருந்தால் தா, இல்லையென்றால் ஆளை விடு என்று கேட்டிருக்கிறாள். பலன், பின்வரிசைக் கூட்டத்தில் நின்று பாடுகிற வேலை. அப்படியே காலம் தள்ளினாள். ஒரு பனிக்காலம் வேறொரு நகரத்தில் தலைமைப் பாடகிக்குத் தொண்டை கட்டிப்போனது. அந்தப் பாத்திரம் முழுவதும் மனப்பாடமாகத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். ரயிலேறிப் போய், ஒத்திகையும் இல்லாமல், மேடை ஓரத்தில் தன்னுடைய குளிர்க்கோட்டோடு நின்று முழுவதையும் பாடினாள். நடுமேடையில் வேறொருத்தி வாயை மட்டும் அசைத்து நடித்தாள். சனம் எழுந்து நின்று கைதட்டியது மேடை ஓரத்தைப் பார்த்துத்தான். அதற்குப் பிறகு அவளிடம் யாரும் பெயரைச் சுருக்கச் சொல்லவில்லை.

அப்பாவுக்கு இது ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒரு படம். இரவுச் சட்டையோடு வினோஜா ஒரு வெள்ளைக்காரனின் கைகளில் செத்துக் கிடக்கிறாள். மேடைக் காட்சிதான். ஜெர்மனியில் இருந்து எந்தப் புண்ணியவானோ அனுப்பியிருந்தான். அப்பா தங்கைக்குப் போன் எடுத்து, "பெத்த பிள்ளையைக் கூத்தாட விட்டு அதிலை சாப்பிடுறாய்" என்று சொல்லிவிட்டு வைத்தார். கோப்பை கழுவி வளர்த்தவளைப் பார்த்துச் சொன்ன சொல் அது. இருபது வருடம் இரண்டு பேரும் கதைக்கவில்லை. அந்த இருபது வருடத்துக்காக அப்பாவை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

இந்தப் பெப்ரவரியில் மொன்ட்ரியாலில் ஒரு ஒப்பேராவுக்கு வினோஜாவைத் தலைமைப் பாத்திரமாக அழைத்தார்கள். பிரெஞ்சுப் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு அவளுடைய படம். செயின்ட்-மிஷேல் பக்கத்து நகரசபை உறுப்பினர் ஒரு கூட்டத்தில் அப்பாவிடம், இந்தப் பாடகி உங்கள் ஆட்களா என்று கேட்டாராம். "என்ர சொந்த மருமகள்" என்று அப்பா நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறார். இருபது வருடக் கோபம் ஒரு நகரசபை உறுப்பினருக்கு முன்னால் நிற்கவில்லை. அடுத்த நாளே, மண்டபம் கிடைக்காமல் பெப்ரவரிக்குத் தள்ளிப்போயிருந்த சங்கத்துப் பொங்கல் விழாவின் அழைப்பிதழில் அவளுக்குப் பொன்னாடை என்று அச்சடித்தாயிற்று.

மாமியும் மகளோடு வந்து மொன்ட்ரியால்-நோரில் என் வீட்டில்தான் தங்கினார். வந்த மறுநாளே ஒப்பேராவுக்கு ஒரு டிக்கெட்டை என்னிடம் தந்து அப்பாவிடம் அனுப்பினார். முழங்கால் நோ, சுகர், டவுனில் கார் விட இடமில்லை என்று அப்பா மூன்று சாக்குச் சொல்லித் திருப்பித் தந்துவிட்டார். மாமி அழவில்லை. டிக்கெட்டை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"எனக்கு அவர் மன்னிப்புக் கேக்கத் தேவையில்லை பிள்ளை. பொன்னாடையும் தேவையில்லை. அவள் பாடுறதை ஒருக்கா கேக்கவேணும். பிடிக்குதோ பிடிக்கேல்லையோ, முழுசாக் கேக்கவேணும். அதுக்குத்தான் நான் பிளேன் ஏறினனான்."

விழாவுக்கு முதல் நாள் அப்பா நிகழ்ச்சி நிரலோடு வந்தார். தங்கையைப் பார்த்து "சுகமோ" என்றார். மாமி "ஓம்" என்றார். இருபது வருடத்துக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் கதைத்தது அவ்வளவுதான். பிறகு அப்பா வினோஜாவின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, ஒரு தேவாரம் பாடினால் காணும். பேந்து பொன்னாடை, பேந்து கவுன்சிலரோடை ஒரு படம்."

"தேவாரம் எனக்கு வடிவாப் பாட வராது மாமா. வராததை நான் மேடையிலை செய்யிறேல்லை."

"அப்ப ஒண்டும் பாடவேண்டாம். கும்பிட்டிட்டு இறங்கு."

"நான் பாடுறதைத்தான் பாடுவன். வேண்டாமெண்டால் இப்பவே சொல்லுங்கோ. நான் வரேல்லை."

அழைப்பிதழ் ஊரெல்லாம் போய்விட்டது, கவுன்சிலரும் வருகிறார். அப்பா "சரி, பாப்பம்" என்றார். எங்கள் வீட்டில் பாப்பம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவர் போன பிறகு வினோஜாவிடம் றொசானைப் பற்றியும் அந்தக் கையைப் பற்றியும் சொன்னேன். அவள் வெங்காயத்தை அரிந்துகொண்டே கேட்டாள். பிறகு சிரித்தாள். "அவ்வளவுதானோ?" என்றாள்.

விழா ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில். தாழ்ந்த கூரை, மடிக்கிற கதிரைகள், ஒரு பக்கம் ரோல்ஸும் தேத்தண்ணியும். மேடைக்கு நேர் எதிரே, மண்டபத்தின் கடைசியில், கார் நிறுத்துமிடத்துக்கு ஏறுகிற படிகளுக்குத் திறக்கும் இரும்புக் கதவு. அப்பாவும் கவுன்சிலரும் முன்வரிசையில். நானும் மாமியும் அவர்களுக்குப் பின்னால். சின்னப் பிள்ளைகளின் நடனம், பேச்சு, இன்னொரு பேச்சு. இரண்டாவது பேச்சு அப்பாவின் கையோடு முடிந்தது.

பிறகு வினோஜாவைக் கூப்பிட்டார்கள். கறுப்புக் காற்சட்டையும் தளர்ந்த மேற்சட்டையுமாக ஏறினாள். சேலை இல்லையோ என்று எனக்குப் பின்னால் ஒரு முணுமுணுப்பு. மகளிர் அணி பொன்னாடை போர்த்தியது. அவள் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள், பிறகு அதைக் கழற்றி ஒழுங்காக மடித்துக் கதிரையில் வைத்தாள். மூச்செடுக்க விலா விரியவேண்டும், இழுத்துப் போர்த்திக்கொண்டு அவளால் பாட முடியாது. மைக் மேடை ஓரத்து மேசையில் இருந்தது. அவள் அந்தப் பக்கமே போகவில்லை, நடுவில் வந்து நின்றாள். நாடகக்காரர்களைப் போலச் சட்டையில் குத்துகிற குட்டி மைக் ஒன்று வைத்திருக்கிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார்.

"பூட்டின கதவுக்கு முன்னாலை ஒரு பொம்பிளை நிக்கிறா" என்றாள் வினோஜா. "திறக்கச் சொல்லிக் கேக்கிறா. திறக்கமாட்டினம். அவ போகமாட்டா. பாட்டு அவ்வளவுதான். ஜெர்மன் மொழியிலை பாடுறன்."

அவள் தொடங்கினாள். அவ்வளவு பெரிய குரல். அவளுடைய வாயிலிருந்து வருகிறதென்றே தெரியவில்லை, மண்டபம் முழுவதும் ஏற்கெனவே நிறைந்திருந்த ஒன்றை அவள் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. பிள்ளைகள் ஓடுவதை நிறுத்தினார்கள். சிலர் காதைப் பொத்தினார்கள். இரண்டு பெடியள் சிரித்தார்கள். ரோல்ஸ் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையில் தட்டோடு அப்படியே நின்றார்கள். மாமி மகளைப் பார்க்கவில்லை. தமையனின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா றொசானைத் திரும்பிப் பார்த்துக் கையைக் கழுத்துக்கு நேரே இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தரம் பலமாக இழுத்தார். றொசான் தலையை ஆட்டினான். அப்பாவின் முகம் சிவந்தது. றொசான் குனிந்தபடி கதிரைகளுக்கு நடுவே வந்து அவருடைய காதில் சொன்னது எனக்கும் மாமிக்கும் நன்றாகக் கேட்டது.

"அங்கிள், அவவிட்டை மைக் இல்லை. நான் எதை நிப்பாட்ட?"

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. நாற்பது வருடமாக அந்தக் கையை நம்பியிருந்த மனிதர் அதை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லுவானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. கவுன்சிலர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா எழுந்தார். கோட்டையும் எடுக்காமல், நடுவழியே நடந்து, இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

மாமியைத் திரும்பிப் பார்த்தேன். இருபது வருடத்தில் போனில்கூட நான் கேட்டிராத ஒரு சின்னச் சத்தம் அவருடைய தொண்டையில் இருந்து வந்தது. அப்போதுதான் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நானும் எழுந்து போனேன். அப்பாவின் கோட்டை எடுத்துக்கொண்டு போகலாம் என்று ஒரு கணம் தோன்றியது. எடுக்கவில்லை.

கதவைத் திறந்தேன். அப்பா படிகளுக்கு மேலே, பனியில், வெறும் சேர்ட்டோடு நின்றார். கார் அவருக்குப் பக்கத்திலேயே நின்றது. நான் கதவை அகலத் திறந்து, அது சாத்திக்கொள்ளாமல் என்னுடைய சப்பாத்துக் காலைக் கதவு நிலையில் கொடுத்து நின்றேன். உள்ளேயிருந்து குரல் முழுவதுமாகப் படியேறிப் போனது. எண்பது வாத்தியங்களுக்கு மேலாலே கேட்கவேண்டும் என்று பழக்கிய குரலுக்கு ஒரு கார் நிறுத்துமிடம் எம்மாத்திரம்.

"கதவைச் சாத்து. சூடெல்லாம் போகுது" என்றார் அப்பா.

"பாட்டு முடியட்டும்."

"உனக்கென்ன விசரோ சிவாஜினி?"

"ஓம் அப்பா."

குளிர் காற்று உள்ளே அடித்தது. பின்வரிசையில் யாரோ திட்டினார்கள். பாடுகிறவர்களுக்குக் குளிர் காற்று எமன் என்று வினோஜா எனக்குச் சொல்லியிருக்கிறாள், வீட்டிலேயே கழுத்தில் சால்வை சுற்றிக்கொண்டு திரிகிறவள் அவள். மேடையில் இருந்து திறந்த கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நிறுத்தவில்லை. ஒரு அடி முன்னால் வந்து, நேரே கதவைப் பார்த்துப் பாடினாள். பாட்டில் வருகிற பெண் அந்த இடத்தில் இன்னொரு தரம் கேட்கிறாள் போலிருந்தது, குரல் முன்பைவிட மேலே போனது.

மாமி எழுந்து வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். அண்ணனை நிமிர்ந்து பார்த்தார்.

"உள்ளை வந்து இருந்து கேளுங்கோ அண்ணை. இல்லாட்டி அங்கை நிண்டு கேளுங்கோ" என்றார். "எனக்கு ரெண்டும் ஒண்டுதான்."

அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தலைமயிரில் பனி விழுந்துகொண்டிருந்தது. காரின் வெளிச்சம் ஒரு தரம் மின்னியது. சாவி அவருடைய கையில்தான் இருந்தது, பொத்தானை அமத்தியிருக்கிறார். கார் திறந்துகொண்டது. உள்ளே ஏறிக் கதவைச் சாத்தி ரேடியோவைப் போட்டிருந்தால் அவருக்கு ஒன்றுமே கேட்டிருக்காது.

அவர் ஏறவில்லை.

பாட்டு முடிந்தது. மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து, நிலையில் கொடுத்திருந்த என்னுடைய சப்பாத்தைத் தட்டினார்.

"கேட்டிட்டார்" என்றார். "இனிச் சாத்து பிள்ளை."