பிடித்துவைத்த காலாள்

இறந்த ஒன்பதாம் நாள் காலை, பஸ் டிப்போ டைம்கீப்பர் தன் தம்பியின் கடையில் வெள்ளை ராணிக்கு முன்னால் நின்ற காலாளை இரண்டு கட்டம் நகர்த்தினார். முதலில் பார்த்தது தம்பி மனைவி. ஷட்டரைப் பாதி தூக்கியபடியே உள்பக்கம் திரும்பி, "உங்க அண்ணன் ஆட்டத்த ஆரம்பிச்சுட்டாரு, வந்து பாருங்க" என்றாள். தம்பியை எல்லோரும் கண்ணாடிக்காரர் என்பார்கள். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துப் பொருத்துபவர், கடைக்குப் பின்னாலேயே வீடு. பத்தொன்பது வருஷமாகக் காய்கள் அடுக்கியபடி தூசி படிந்து ஓரத்து மேஜையில் கிடந்த சதுரங்கப் பலகையை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கறுப்புக் காலாள் ஒன்றை அதற்கு நேரெதிரே நிறுத்தினார்.

மறுநாள் இன்னொரு வெள்ளைக் காலாள் முதலாவதன் பக்கத்தில் காவலே இல்லாமல் வந்து நின்றது, வெட்டிக்கொள் என்பதுபோல. கண்ணாடிக்காரர் வெட்டினார். அண்ணன் உயிரோடு இருந்தபோதும் அவருடைய முதல் நகர்த்தல்கள் இவைதான், தம்பி அப்போதும் வெட்டத்தான் செய்தார். வெட்டியதைக் காப்பாற்ற அதன் பக்கத்துக் காலாளை முன்னே தள்ளுவார், அதைக் காப்பாற்ற இன்னொன்றை. ஆறாம் நாள் வெள்ளை ராணி வெளியே வந்து, காலியாகிப்போன சாய்கோடு நெடுக மூலையில் நின்ற யானையைக் குறிபார்க்கும். யானைக்குப் பதிலாகக் குதிரையைக் கொடுக்கலாம், அவ்வளவுதான் வழி. "ஒரு காலாளுக்காக ஊரையே எழுதிக் குடுக்கிறியேடா" என்று அண்ணன் அந்தக் காலத்தில் சிரிப்பார். ஏழாம் நாள் காய்கள் தாமாகவே பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கும். இப்படிப் பதினாலு மாதத்தில் ஐம்பத்தெட்டு ஆட்டம் தோற்றார். ஆரம்பத்தில் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. பிறகு கண்ணாடி வாங்குகிறவர்கள் மட்டும் வந்தார்கள்.

அண்ணனுக்கு நாலு பெண்கள். கண்ணாடிக்காரர் மனைவிக்கு நாலு முறையும் கரு தங்கவில்லை. நாலாவது பெண் பிறந்த நாற்பதாம் நாள் அண்ணன் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்து வந்து, தம்பி மனைவியின் மடியில் வைத்தார். "இங்கயே வளரட்டும். நான் அப்பப்ப வந்து பாத்துட்டுப் போறேன்" என்றார். வாரம் தவறாமல் சதுரங்கத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு வந்தார். குழந்தைக்கு அவர் பெரியப்பா. அவர் புறப்படக் கூடாது என்று அது செருப்பில் ஒன்றை எங்காவது ஒளித்துவைக்கும். ஆறு வயதில் ஒருநாள் மழையில் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்த பெண், வாசலில் துண்டோடு நின்ற கண்ணாடிக்காரரைத் தாண்டிப் போய்ப் பெரியப்பாவின் காலைக் கட்டிக்கொண்டது. அன்று ஆட்டத்தின் நடுவில் தம்பி, "இனிமே வராதீங்கண்ணே. புள்ள குழம்புது" என்றார். அண்ணன் கையில் இருந்த காயைக் கீழே வைத்தார். எல்லாக் காய்களையும் முறையாக அடுக்கினார். வாசலில் ஒரு செருப்புதான் இருந்தது. இன்னொன்றைக் கேட்டுக் குழந்தையைக் கூப்பிடாமல், இருந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு தெருவில் இறங்கிப் போனார். அவர் சாவுக்குக்கூடத் தம்பி எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றுவிட்டுத்தான் வந்தார்.

ஐம்பத்தொன்பதாம் ஆட்டத்தின் மூன்றாம் நாள், படிக்கிற கண்ணாடி வாங்க ஒரு பஸ் டிரைவர் வந்தார். லென்ஸ் தயாராகும்வரை பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "இதென்ன சார், எங்க டைம்கீப்பர் ஆட்டம் மாதிரியே இருக்கு?" என்றார்.

"அவருதான் ஆடுறாரு" என்றார் கண்ணாடிக்காரர்.

டிரைவர் தலையாட்டினார். தம்பியின் விரல் அடுத்த காலாளின் மேல் போய் நின்றதைப் பார்த்து, "அதத் தள்ளாதீங்க சார். அவரு குடுத்தது உங்களுக்கே உங்களுக்குன்னு இல்ல. நடுவுல நிக்கிற உங்க காலாள இழுக்கத்தான் குடுத்தாரு. வாங்கினது தப்பில்ல, புடிச்சு வெச்சுக்கிறதுதான் தப்பு. அவரு திரும்ப எடுத்துக்கட்டும், நீங்க அதுக்குள்ள குதிரைய வெளிய கொண்டாங்க. அப்புறம் நடுவுல நீங்களும் ஒரு இடி இடிக்கலாம். ரெண்டு பேருக்கும் ஆட்டம் இருக்கும்" என்றார்.

கண்ணாடிக்காரர் விரலை எடுத்துவிட்டார். அன்று அவர் தேய்த்த லென்ஸ் இரண்டும் கோணலாகப் போயின. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை முடிந்து வந்த மகளை எதிரே உட்காரவைத்து, அவளைப் பெற்றவர் அண்ணன்தான் என்று சொன்னார். உள்ளேயிருந்து மனைவி வந்து சுவரோரம் நின்றாள். பல வருஷமாக இதைச் சொல்லச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

மகள் ஓரத்து மேஜையில் இருந்த பலகையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "யாரோட செருப்பையோ நான் ஒளிச்சு வெச்ச ஞாபகம் இருக்கு. அவருதானாப்பா?" என்றாள்.

"அவருதான்."

"ஏன் வரதில்லன்னு கேட்டதுக்கு, அவருக்கு நம்மளப் பிடிக்கலன்னு சொன்னீங்க."

கண்ணாடிக்காரர் எழுந்து போய்க் குதிரையை வெளியே எடுத்து வைத்தார். காலையில் வெள்ளை மந்திரி குறுக்காக வந்து தன் காலாளை மீட்டிருந்தது. ஆறாம் நாள் ராணி வரவில்லை, ஏழாம் நாள் காய்கள் கலையவில்லை. எட்டாம் நாள் மகள் ஒரு பெட்டியோடு அக்காமார் வீட்டுக்குப் புறப்பட்டாள். பலகையையும் காய்கள் நின்றபடியே இரு கையில் ஏந்திக்கொண்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை போன அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதவள், அப்பாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. கூட்டமான பஸ்ஸில் முக்கால் மணி நேரம், ஒரு காலாள்கூடச் சாயவில்லை. கண்டக்டர் பார்த்தார், கேட்கவில்லை.

இப்போது ஆட்டம் டைம்கீப்பர் வீட்டு ஜன்னலோரம் நடக்கிறது. வெள்ளை நகர்ந்த செய்தியை மூத்த பெண் போனில் சொல்கிறாள்: "சித்தப்பா, அப்பா யானைய நகத்திட்டாரு." கண்ணாடிக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிறார். கதவைத் திறப்பவள் மகள். வா என்று சொல்வதில்லை, திறந்துவிட்டு வழிவிடுகிறாள். அவர் தன் காயை நகர்த்திவிட்டுச் சற்று உட்கார்ந்திருக்கிறார். போன மாதம் அவள் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பலகையில் படாமல் தள்ளி வைத்தாள். அவர் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தார்.