லென்ஸில் ஒரு துளி

இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டாவது படத்தில் என் மச்சான் இருந்தான். மேகத்தை மறைத்துக்கொண்டு திரை முழுக்க அவன் முகம். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, சட்டை நுனியால் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். என் விரல் பழக்கதோஷத்தில் அழிக்கிற பட்டனுக்குப் போய்விட்டது. வானத்தில் ஆள் வரக்கூடாது என்பது என் சட்டம். காக்கா வந்தால்கூடத் தூக்கிவிடுவேன்.

எனக்குப் பிழைப்பு மூக்குக்கண்ணாடிக் கடையில். வானப் பைத்தியம் தனி. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் கேமராவை நிறுத்திவிட்டுக் காலையில் கிளம்பிவிடுவேன். பத்து விநாடிக்கு ஒரு படம், அதுவே எடுக்கும். சாயங்காலத்துக்குள் மூவாயிரத்து அறுநூறு சேரும். எல்லாவற்றையும் கோத்து ஓட்டினால் ஒரு பகல் இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும், மேகமெல்லாம் பால் பொங்குவதுபோல் பொங்கும். ஒரே எமன் தூறல்தான். லென்ஸில் ஒரு சொட்டு விழுந்தால் போச்சு. மேகம் ஓட ஓட அது மட்டும் அசையாமல் நிற்கும். முழு நாளும் குப்பை.

அப்படி ஒரு நாள் பாழானபோதுதான் மச்சானிடம் கத்தினேன். என் மனைவியின் தம்பி. வேலை போய் ஐந்து மாதமாக எங்களோடு இருந்தான்.

"வீட்ல தண்டமாத்தானே உக்காந்திருக்கே? தூறல் போட்டா மேல ஏறி ஒரு தடவை துடைச்சு விட்டா கை தேஞ்சா போயிடும்?"

"சரி மாமா" என்றான். எது சொன்னாலும் சரி மாமாதான் அவன்.

அடுத்த வாரம் அந்தத் தொட்டி மேலிருந்து தெருவில் விழுந்து செத்துப்போனான்.

அன்று காலை அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை. ஈரத்துண்டைக் கட்டில் மேல் போட்டான் என்று ஆரம்பித்து, "என் கண்ணு முன்னாடி நிக்காதே, எங்கயாவது போய்த் தொலை" என்பதில் முடிந்தது. அப்படிப்பட்ட நாளில் ஒருத்தன் தொட்டி மேல் வேறெதற்கு ஏறுவான்? ஊரே அப்படித்தான் பேசியது. போலீஸ்காரரும் அப்படித்தான் எழுதிக்கொண்டு போனார். இவள் ஒரு மாதமாக ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நான்தான் அவனைத் தள்ளிவிட்டேன்." சோறு இறங்கவில்லை. கையில் இறுக்கமாக இருந்த வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது.

கேமராவைப் பக்கத்து வீட்டுக்காரர் இறக்கிக் கொடுத்திருந்தார். அதிலிருந்ததைத் திறந்து பார்க்க எனக்கு ஒரு மாதம் ஆனது. கடையில் வேலை ஜாஸ்தி என்று எனக்கே கதை விட்டுக்கொண்டேன். பயம், வேறென்ன.

எல்லாம் படத்தில் இருந்தது. முதலில் துளி. பிறகு அவன் முகம். அடுத்ததில் கலங்கலாக ஒரு கை. அதற்கடுத்ததில் ஆள் இல்லை, துளியும் இல்லை. ஆனால் ஓரத்தில் நேராக நின்ற எதிர்க்கட்டடத்துக் கம்பி சாய்ந்திருந்தது. வழுக்கியபோது பிடிமானத்துக்குக் கேமரா ஸ்டாண்டைப் பிடித்திருக்கிறான். அதுவும் கைகொடுக்கவில்லை. மிச்சம் எழுநூறு படமும் அதே சாய்வில்தான். துடைத்தது மட்டும் அப்பழுக்கில்லாமல் துடைத்திருந்தான், பாவி.

சாகப்போகிறவன் லென்ஸைத் துடைப்பானா? இதைக் காட்டினால் இவள் பிழைத்துக்கொள்வாள். ஆனால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? கம்ப்யூட்டரை மூடிவைத்துவிட்டு மூன்று நாள் கடைக்குப் போனேன், வந்தேன், அடுத்தவர்களுக்குக் கண் சரியாகத் தெரிகிறதா என்று சோதித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எனக்குப் பரிமாறிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஏங்க, தம்பி கனவுல வந்தான். 'போயிட்டேன், போதுமாக்கா'ன்னு கேக்குறான்."

அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை. கையைக் கழுவிவிட்டு அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தேன். எந்தப் பட்டன் முன்னால் போகும், எது பின்னால் போகும் என்று காட்டினேன். சாய்ந்த கம்பி வரைக்கும் பார்த்தாள்.

"குதிக்கலியா?"

"இல்ல. வழுக்கிடுச்சு."

அவள் வாய் கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"இதைத் துடைக்கணும்னு அவனுக்கு யார் சொன்னது?"

"நான்தான்."

"இது எப்போ தெரியும் உங்களுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் என்றால் நம்பியிருப்பாள்.

"வியாழக்கிழமை காலைல."

விரல் விட்டு எண்ணினாள். "மூணு நாளா நான் போட்ட சோத்தைத் தின்னுக்கிட்டு, நான் புலம்புறதையும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க."

நான் தோளைத் தொடப் போனேன். நாற்காலியோடு நகர்ந்துகொண்டாள். பின்னால் போகிற பட்டனை அழுத்தினாள். கை மறைந்தது, முகம் வந்தது. இன்னும் பின்னால் போனாள், துளி. அதற்கும் பின்னால் வெறும் வானம். பிறகு ஒவ்வொன்றாக முன்னால் வந்தாள். வானம், துளி, நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிற தம்பி. அங்கேயே நின்றாள். மறுபடி பின்னால் போனாள், மறுபடி முன்னால் வந்தாள். தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. அதற்கடுத்த படத்துக்கு மட்டும் அவள் விரல் போகவே இல்லை.